முப்பது தாளிலும் ஒரே கருத்து

இரண்டு வருஷத்துக்கு முன், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோத்தகிரிக்கு மேலே இருக்கும் ஒரு எஸ்டேட்டில் நடந்தது இது. பச்சைத் தேயிலை விலை படுத்துப்போய், எங்கள் பக்கத்துச் சின்ன ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்த சமயம். என் கணவர் வேலை பார்த்த ஃபேக்டரியும் அதில் ஒன்று. "மறுபடி ஓடும்போது சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். அவர் நாலு மாசம் காத்திருந்து பார்த்துவிட்டுத் திருப்பூருக்கு இறங்கிவிட்டார். பனியன் கம்பெனி குடோனில் வேலை. நாலு ஆண்கள் சேர்ந்து ஒரே ரூம்.

நானும் ஒன்றரை வயது மகளும் மலையிலேயே இருந்தோம். எனக்கு ஒரு வேலை இருந்ததுதான் காரணம். பெரிய வேலை இல்லை. ஒரு தொண்டு நிறுவனம் எஸ்டேட் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியது. டிகிரி முடித்திருந்த என்னை அதில் டீச்சராகப் போட்டிருந்தார்கள். தங்கிக்கொள்ளப் பிள்ளைகள் காப்பகத்தை ஒட்டி ஓர் அறையும் உண்டு. ஆனால் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. மார்ச்சில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் அறையும் போய்விடும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த நாலு பேர் ரூமுக்கா போக முடியும்? மகளுக்குப் பனி ஒத்துக்கொள்ளாது, இளைப்பு வந்துவிடும். இங்கே வைத்திருப்பது தப்போ என்று ஒரு பயம், இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் நாள் ஓடும்.

அந்த வாரம் குன்னூர் ஆபீசிலிருந்து மேடம் ஜீப்பில் வந்து ஒரு டிவியும், சிடி போடும் பெட்டியும், ஒரு கட்டுத் தாளும் இறக்கிவிட்டுப் போனார். வெளிநாட்டில் எங்கள் நிறுவனத்துக்கு உதவி செய்கிறவர்கள் ஒரு டாக்குமெண்டரிப் படம் அனுப்பியிருக்கிறார்களாம். ரெகே என்று ஒரு வகைப் பாட்டு. அதைப் பாடி உலகப் பெயர் வாங்கிய ஒருவருடைய வாழ்க்கை. பெற்றோர்களுக்குப் போட்டுக் காட்டி, ஆளுக்கு ஒரு தாளில் கருத்து எழுதி வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுத வேண்டும். மொத்தம் முப்பது தாள்.

"கருத்து நல்லபடியா வரணும்ங்க. அடுத்த வருஷம் எந்தெந்த சென்டர் நடக்கும்னு அவங்க இதையெல்லாம் வச்சுத்தான் பார்ப்பாங்க" என்று ஜீப்பில் ஏறும்போது சொன்னார் மேடம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காப்பக ஜன்னல்களில் சாக்குகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். இரண்டு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. ஸ்வெட்டர், தலையில் கட்டிய துண்டு, தைல வாசனை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிலோன் தோட்டங்களிலிருந்து இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பத்தார். படம் ஆங்கிலத்தில் ஓடியது. டிவி பக்கத்தில் நின்று நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். நான் அந்தப் படத்தை முன்னாடி பார்த்திருக்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

பாடகர் திரையில் வந்ததும், தோள் வரைக்கும் தொங்கிய சடையைப் பார்த்து ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சாமியாருங்களா?" என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் அந்தச் சாமியார் ஒரு பெரிய சுருட்டை எடுத்துப் பற்றவைத்து, டிவி முழுக்கப் புகையாக விட்டார். ஆங்கிலக் குரல் அது என்னவென்று தெளிவாகவே சொன்னது. பெற்றோர் கூட்டத்தில் நான் எப்படிச் சொல்வேன்?

"அது வந்து... அவங்க ஊர் மூலிகைங்க. சளிக்கு நல்லது" என்றேன்.

"அந்த மூலிகை நம்ம ஊர்லயும் கெடைக்குது டீச்சர். போலீசுதான் விடமாட்டேங்குது!" என்றார் பின்னால் இருந்து ஒருவர். கூடமே குலுங்கியது. நானும் சிரித்துவைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சியையும் கத்தரித்தே சொன்னேன். அந்தப் பாடகருக்கு மூன்று வீட்டில் பிள்ளைகள் என்று வந்தபோது 'பெரிய குடும்பம்' என்றேன்.

ஆனால் போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. பாடகர் ஒரு தீவுக்காரர். அவருடைய பாட்டன் பூட்டன்களைக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கப்பலில் ஏற்றி, கரும்பு வெட்டக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியபடியே பாட ஆரம்பித்தவர். 'ஒரு நாள் நம் மண்ணுக்குப் போவோம்' என்பதுதான் எல்லாப் பாட்டிலும் சுற்றிச் சுற்றி வரும் சேதி. புகழ் வந்த பிறகு நிஜமாகவே அந்தத் தேசத்துக்குப் போகிறார். அங்கே சந்தையில் பழம் விற்கும் ஒரு பெண், அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்கிறாள். அவர் சிரிக்கிறார். பிறகு கேமராவைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறார்.

அந்த ஒரு வரியை மட்டும் நான் கத்தரிக்காமல் சொன்னேன்.

படம் முடிந்து சாக்குகளை விலக்கியதும் நான் தாள்களை எடுத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னதற்கும் நான் எழுதியதற்கும் சம்பந்தம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. "பாட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, தூக்கம் வந்துருச்சு" என்றார் ஒருவர். 'இசை மிக அருமை' என்று எழுதினேன். "இவ்வளவு சம்பாரிச்சும் அம்மாவைத் தனியா உட்டுட்டானே படுபாவி" என்றார் ஒரு அம்மா. 'தாய்ப்பாசத்தை உணர்த்தும் படம்' என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்றே தோன்றவில்லை. பிள்ளைகள் கட்டுரையைத் திருத்துகிற மாதிரிதான் இருந்தது.

கடைசித் தாளுக்கு ஓர் அக்கா வந்து, என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். கொழுந்து பறிக்கிறவர். மூன்று பிள்ளைகளும் என் வகுப்பில் படிக்கிறார்கள். மகளுக்கு இளைப்பு வரும் நாட்களில் அவரே வந்து வெந்நீர் வைத்துக்கொடுப்பார். அவ்வளவு பழக்கம். அதனாலோ என்னவோ, மற்றவர்களைப் போல இரண்டு வார்த்தையில் எழுந்து போகவில்லை.

"அந்த ஆளு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான் பாருங்க, அது எனக்குப் புரிஞ்சிச்சு டீச்சர்" என்று ஆரம்பித்தார். சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது அவருக்கு ஆறு வயதாம். "அங்க இருக்கயில 'இந்தியாக்காரி, ஒன் நாட்டுக்குப் போ'ன்னானுங்க. இங்க வந்தா 'சிலோன்காரி'ங்கிறாங்க. இப்ப மேக்காட்டுல கொழுந்து எடுக்காம உட்டு, செடியெல்லாம் மரமாட்டம் நிக்கிது. காட்டெருமை படுத்துக் கெடக்கு. அடுத்தது எங்களையும் போகச் சொல்லுவாங்க. அந்த ஆளுக்காச்சும் போயிப் பாத்து ஏமாற ஒரு ஊர் இருந்திச்சு. எங்களுக்கு ஏமாறக்கூட இன்னொரு ஊர் கெடையாது."

கடைசியாக ஒன்று கேட்டார். "அவங்க கதைய எங்களுக்குக் காட்டுறாங்களே, எங்க கதைய எடுத்துட்டுப் போயி அங்க காட்டுவாங்களா? அவங்ககிட்ட இப்படிப் பேப்பர் குடுத்துக் கருத்துக் கேப்பாங்களா? இதையும் எழுதுங்க டீச்சர்."

இதை எப்படி எழுதுவது? எஸ்டேட்டைப் பற்றிக் குறை. உதவி செய்கிறவர்களையே மடக்கிக் கேள்வி. இதைப் படித்தால் மேடம் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? மார்ச், அறை, திருப்பூர் எல்லாம் வரிசையாகக் கண்ணில் ஓடின. பேனா தன் பாட்டுக்கு எழுதியது: 'படம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது. நன்றி.'

"கையெழுத்துப் போடுங்கக்கா" என்று தாளை நீட்டினேன்.

"வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

அங்கே தினமும் சாயங்காலம் கொழுந்து எடை போடும்போது ஒரு வழக்கம் உண்டு. எடை போடுகிறவர் எத்தனை கிலோ என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். பறித்தவர் காதில் விழுந்த பிறகுதான் அது கார்டில் ஏறும். உரக்கச் சொல்லாமல் எழுதினால் பெண்கள் பையை எடுக்கமாட்டார்கள், நின்றுவிடுவார்கள். அதே பழக்கத்தில்தான் அக்கா கேட்டார். வேறு எந்தச் சந்தேகமும் அவருக்கு இல்லை.

நான் தாளைப் பிடித்துக்கொண்டு, அவர் பேசியதை ஞாபகத்திலிருந்து அப்படியே ஒப்பித்தேன். கப்பல், மேக்காடு, காட்டெருமை, கடைசிக் கேள்வி எல்லாம் வந்தது. வாசிக்கிற மாதிரியே ஒப்பித்தேன்.

அக்கா கேட்டுவிட்டுத் தாளை வாங்கினார். பார்த்தார். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்.

"ஏன் டீச்சர், நான் பேசினது அவ்வளவும் இந்த ஒரு வரியிலயா இருக்கு?"

"சுருக்கி எழுதியிருக்கேங்கக்கா" என்றேன்.

"சுருக்கி எழுதினா எப்புடி அம்புட்டு நீளமா வாசிச்சீங்க?" குரலை உயர்த்தவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கணக்கப்புள்ளைங்க கிலோ கொறைக்கயில தராசப் பாக்கமாட்டாங்க டீச்சர், மேகத்தப் பாப்பாங்க. நீங்க இவ்வளவு நேரமும் ஜன்னலப் பாத்துக்கிட்டுத்தான் வாசிச்சீங்க."

நான் அழுதுவிட்டேன். முப்பது பேர் பார்க்க, டீச்சர் அழுதால் எப்படியிருக்கும்? கருத்து நல்லபடியாக வராவிட்டால் சென்டரை மூடிவிடுவார்கள், அறை போய்விடும், நானும் குழந்தையும் எங்கே போவோம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மனம் இளகுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை இப்போது மறைப்பானேன்?

அவர் என் மகளை மடியிலிருந்து இறக்கி என்னிடம் கொடுத்தார். "ஒங்க பயம் எனக்குத் தெரியும். ஒங்களுக்கு எது நல்லதோ அத எழுதிக்கங்க. ஆனா என் பேரப் போடாதீங்க. நான் சொல்லாததுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மழையிலேயே போய்விட்டார்.

மறுநாள் காலை ரோட்டோரக் கடை போனிலிருந்து கணவருடைய கம்பெனிக்குக் கூப்பிட்டேன். "ஏனுங்க, இப்படி ஆயிப்போச்சுங்க" என்று நான் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். "ஒரு தாளு தானே? அவங்க வரலைன்னு சொல்லிட்டு இருபத்தொம்பதைக் குடுத்துரு. நீ ஏன் கண்ணு எல்லாத்தையும் போட்டு மண்டைய ஒடைச்சுக்கறே?" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. போனை வைத்ததும் மனசு லேசாகக்கூட ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து தாள்களை அடுக்கலாம் என்று எடுத்தேன். முதல் தாளைப் படித்தேன். அடுத்ததைப் படித்தேன். பத்தாவது வருவதற்குள் எனக்கே முகம் சுட்டது. 'அருமை', 'பயனுள்ளது', 'நன்றி'. இருபத்தொன்பது பேரும் ஒரே ஆள் மாதிரி பேசியிருந்தார்கள். அந்த ஆள் நான்தான். இவ்வளவு பேர் மழையில் வந்து உட்கார்ந்து, யோசித்து, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தத் தாள்களில் இல்லை. அக்காவின் தாளை மட்டும் எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எப்படி நினைத்தேன்?

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, மகளைக் கம்பளியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, எடை போடும் இடத்துக்குப் போனேன். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். ஒரு தடவை காப்பக வாசல் வரைக்கும் வந்துவிட்டு மறுபடியும் போனேன். பெண்கள் கொழுந்துப் பைகளோடு வரிசையில் நின்றார்கள். எடை போடும் சூப்பர்வைசர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னங்க டீச்சர், பாப்பாவை எடை போடணுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"இல்லைங்க. நேத்து நான் எழுதினதை வாசிக்கணும்" என்றேன்.

எடை முடிந்ததும் வாசித்தேன். ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, அவர் சொன்னதாக நான் எழுதியதை உரக்க வாசித்தேன். "இசை மிக அருமை" என்று வாசித்தபோது, தூக்கம் வந்துவிட்டது என்று சொன்னவரின் மனைவி, "இவரா? கொறட்டைதான் அருமையா விட்டாரு!" என்றார். நாலைந்து தாள் தாண்டுவதற்குள் அவர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. யாரோ ஒருவர், "எங்கள எல்லாம் ஒரே அச்சுல வார்த்துட்டீங்களே டீச்சர்" என்றார். கிண்டல்தான், ஆனால் சுருக்கென்று தைத்தது. நடுவில் மகள் இரும ஆரம்பித்தாள். அக்கா வந்து அவளை வாங்கிக்கொண்டார்.

முன்பக்கம் நான் எழுதியிருந்ததை அடித்தேன்; தாள்களின் பின்பக்கம் காலியாக இருந்தது. ஒவ்வொருவரும் மறுபடி சொல்ல, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே அதில் எழுதினேன். எழுதியதை உடனே வாசித்தேன். 'மூலிகையைப் பற்றி டீச்சர் பொய் சொன்னார்' என்பதையும் எழுதச் சொன்னார் ஒருவர். எழுதினேன். அக்கா முந்தின நாள் பேசியதைவிடக் கொஞ்சம் குறைவாகப் பேசினார். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை விடவில்லை. நான் வாசித்து முடித்ததும் என் கண்ணைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பேரை எழுதினார். அன்று மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் குன்னூர் போய் மேடத்திடம் கட்டைக் கொடுத்தேன். முன்பக்கம் பேனாவால் அடிக்கப்பட்டிருப்பதையும் பின்பக்கம் நெருக்கமாக எழுதியிருப்பதையும் பார்த்து அவர் புருவத்தைத் தூக்கினார். சில தாள்களில் சிரித்தார். அக்காவின் தாளில் வெகுநேரம் நின்றார்.

"இதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டு அனுப்பணுங்களா?"

"ஆமாங்க மேடம்" என்றேன். 'உங்க இஷ்டம்' என்று சொல்லத்தான் வாய் வந்தது. எப்படியோ ஆமாம் என்று வந்துவிட்டது. அவர் முன்னாலேயே உட்கார்ந்து நானே மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மத்தியானம் ஆகிவிட்டது.

மார்ச்சில் கடிதம் வந்தது. எங்கள் சென்டர் மூடப்பட்டது. நிதி குறைந்துவிட்டதாம். எங்களோடு இன்னும் இரண்டு சென்டரை மூடினார்கள்; ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஒன்றின் தாள்கள் எப்படி இருந்தன என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்ததால் கேட்கவும் இல்லை. இப்போது மேட்டுப்பாளையத்தில் ஓர் அறை எடுத்து இருக்கிறோம். கணவர் இங்கேயே ஒரு மண்டியில் வேலை தேடிக்கொண்டார். நல்ல மனிதர், குத்திக்காட்ட மாட்டார். ஆனால் ஒரு தடவை, நாங்கள் வீட்டுச் சாமான்களை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, "அன்னிக்கு அந்தத் தாளையெல்லாம் மொதல்ல எழுதினபடியே குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை நானே எத்தனையோ தடவை முடித்துப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் மலையை விட்டு இறங்கிய அன்று அக்கா காட்டு வேலையிலிருந்து ஓடிவந்தார். கையில் கொழுந்துக் கறை. "பேப்பரெல்லாம் போய்ச் சேந்துச்சா டீச்சர்?" என்றுதான் கேட்டார். சேர்ந்துவிட்டது என்றேன். "அப்பப் பதில் வரும்" என்றார். நான் தலையாட்டினேன்.

இந்த இரண்டு வருஷத்தில் ஒரு பதிலும் வரவில்லை. நான் செய்தது சரியா, குழந்தையின் கூரையை நானே பிரித்தேனா என்று மனசு இன்னும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் அக்காவின் கேள்வி கடல் தாண்டிப் போனதா, மேடத்தின் மேஜையிலேயே நின்றதா என்பது தெரியாவிட்டாலும், அதைப் பாதி வழியில் மறித்தவள் நான் இல்லை என்ற ஒன்றுதான், எதற்கெடுத்தாலும் பயப்படுகிற எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் தெம்பு தருகிறது.